அந்த விமானத்தில் இன்னொருவர்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, கோயம்புத்தூர் அவினாசி சாலையில் சின்னியம்பாளையத்து நிறுத்தத்தில் பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே நிற்கிறவர்களுக்குப் பொழுது போவது சிரமமில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும். வெள்ளை வயிறு தெரிய ஏதாவது ஓர் ஆகாய விமானம் தாழ்ந்து வந்துகொண்டிருக்கும்.

பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். எண்பது வயதிருக்கும். மல் வேட்டி, கையில் மஞ்சள் பை. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது பேச்சிலிருந்து பின்னால் தெரிந்தது.

“ஏனுங்க, இதுல போயிருக்கறீங்களா?” என்று மேலே காட்டிக் கேட்டார்.

“போயிருக்கிறேன். ஆனால் இறங்குகிற சமயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டுவிடுவேன்” என்றேன்.

“அப்பத்தானுங்களே வேடிக்கை பாக்கோணும்?”

இறங்குகிற நேரந்தான் ஆபத்தான நேரம் என்று நான் என் கல்வியைக் காட்ட ஆரம்பித்தேன். எழுத்தாளனிடம் இது ஒரு கெட்ட பழக்கம். கேட்க ஓர் ஆள் கிடைத்தால் விடமாட்டான். உதாரணத்துக்கு எங்கோ போவானேன் என்று நமது திருச்செங்கோட்டுப் பக்கத்து மனிதரையே எடுத்துக்கொண்டேன். “மத்திய மந்திரியாக இருந்த மோகன் குமாரமங்கலம் அப்படித்தானே போனார்? டில்லியில் இறங்கப் போகிற விமானம். இன்னும் சில நிமிஷங்களில் தரையைத் தொட்டிருக்கும்.”

பெரியவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார்.

“அவரு மட்டுமாங்க போனாரு? எங்க எம்.பி.யும் அதுலதானுங்க போனாரு. பாலதண்டாயுதம். எல்லாரும் மந்திரியத்தான் சொல்றாங்க; எங்காளு பேரை யாருஞ் சொல்றதில்லீங்க.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சொன்னது உண்மை. அது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தெரிந்திருந்தும் கோயம்புத்தூரில் நின்றுகொண்டு, கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம், கோயம்புத்தூரின் பிரதிநிதியை விட்டுவிட்டுக் கதை சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த இரவைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

1973-ஆம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி, வியாழக்கிழமை. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து டில்லி பாலத்துக்குப் புறப்பட்டது இந்தியன் ஏர்லைன்ஸின் 440-ஆம் எண் விமானம். போயிங் 737 ஜாதி. அந்த நாளில் நம் நாட்டுக்கு அது புதுசு. இந்தியன் ஏர்லைன்ஸ் அவற்றை வாங்கிப் பறக்கவிட்டுச் சுமார் இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இதன் பெயர் ‘சாரங்கா’. பிரயாணிகள் 58 பேர், விமானத்தைச் சேர்ந்தவர்கள் 7 பேர், ஆக 65 ஜீவன்கள்.

அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து டில்லிக்கு ரெயிலில் போவதென்றால் இரண்டு இரவுகள் கழிய வேண்டும். ஆகையால் அவசரக்காரர்கள் எல்லோரும் விமானத்தில்தான் கூடுவார்கள். அவசரக்காரர்கள் என்றால் பெரும்பாலும் அரசியல்வாதிகளும் உத்தியோகஸ்தர்களும் வியாபாரிகளுந்தான். அன்றைய பிரயாணிகளில் மத்திய இரும்பு உருக்கு, சுரங்க மந்திரி மோகன் குமாரமங்கலம் இருந்தார். கோயம்புத்தூர் பார்லிமெண்ட் மெம்பர் கே. பாலதண்டாயுதம் இருந்தார். பஞ்சாபின் முதல்வராக இருந்த குர்நாம் சிங் இருந்தார். தொழிற்சங்கத் தலைவர் சதீஷ் லூம்பா இருந்தார். கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் ராஜ்யசபை உறுப்பினர் தேவகி கோபிதாஸ் இருந்தார். இந்த ஐந்து பேரும் அன்றிரவு இறந்தவர்களின் பட்டியலில் சேர்ந்தார்கள். மொத்தம் 48 பேர். பிழைத்தவர்கள் 17 பேர்.

மே, ஜூன் மாதங்களில் வட இந்தியாவில் அடிக்கும் புழுதிப் புயலை அங்கே ‘ஆந்தி’ என்கிறார்கள். நம்முடைய கொங்கு நாட்டுக் காற்றைப் பார்த்தவர்களுக்கு அதை ஓரளவு விளங்க வைக்கலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று புறப்பட்டால் பல்லடம், உடுமலைப் பக்கங்களில் என்ன பாடு படுத்துகிறது! வேட்டியைப் பிடிப்பதா, கண்ணைத் துடைப்பதா என்று தெரியாமல் தெருவில் தவித்திருக்கிறோம். ஆனால் நம் காற்று, வருஷா வருஷம் தேதி வைத்து வருகிற விருந்தாளி. வந்தால் வாரக் கணக்கில் தங்கும். அதன் குணம் நமக்கு அத்துபடி. ஆந்தி அப்படியில்லை. பகலெல்லாம் நெருப்பாய்க் காய்ந்த பூமிக்கு மேலே எங்கோ ஓர் இடிமேகம் திரளும். அதிலிருந்து குளிர்ந்த காற்று தொப்பென்று கீழே விழுந்து நாலா பக்கமும் பாயும். பாய்கிற வேகத்தில் காய்ந்த நிலத்துப் புழுதியையெல்லாம் வாரிச் சுருட்டி ஒரு மதிலைப் போல எழுப்பிக்கொண்டு வரும். ஐந்து நிமிஷத்துக்கு முன் மைல் கணக்கில் தெரிந்த ஊர், ஐந்து நிமிஷத்துக்குப் பின் கைக்கெட்டும் தூரத்துக்குள் மறைந்துபோகும். பின்னாலேயே மழையும் வரும். அன்றிரவு பாலத்தை நெருங்கிய விமானம் இப்படிப்பட்ட புழுதிக்குள்ளும் மழைக்குள்ளுந்தான் இறங்கியது.

இந்த இடத்தில் பெரியவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்ல வேண்டும். “காத்து அடிக்குதுன்னு தெரியுதுங்களே, சுத்தீட்டு வேற ஊருக்குப் போயி எறக்கியிருக்கப்படாதுங்களா?”

நியாயமான கேள்வி. நீதிபதிகள் உட்கார்ந்து விசாரிக்கும்போதும் கடைசியில் இந்தக் கேள்விதான் நிற்கிறது.

விமானம் இறங்குவதைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்குகிறார் என்று நினைக்கிறோம். நல்ல வானிலையில் அது சரி. மேகமோ புழுதியோ மறைத்தால் தரையிலிருந்து வரும் ரேடியோ அலைதான் அவருக்குக் கைத்தடி. இதில் இரண்டு விதம் உண்டு. உயர்ந்த ரகக் கருவி இரண்டு செய்தி சொல்லும்: நீ பாதைக்கு வலப்புறம் விலகியிருக்கிறாயா, இடப்புறமா என்பது ஒன்று, நீ சரியான சரிவில் இறங்குகிறாயா, மேலே இருக்கிறாயா, கீழே போய்விட்டாயா என்பது மற்றொன்று. பழைய ரகம் அப்படியில்லை. தரையில் ஒரு ரேடியோக் கம்பம் ஓயாமல் ஒலி பரப்பிக்கொண்டிருக்கும். விமானத்தில் உள்ள முள் அந்தக் கம்பம் இருக்கும் திசையைக் காட்டும். அவ்வளவுதான். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தைக்கு நாதஸ்வர ஓசை கேட்கிற மாதிரி; எந்தப் பக்கம் என்று தெரியும், பள்ளமா மேடா என்று தெரியாது. உயரத்தை விமானி தானே கணக்குப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். அன்றிரவு ‘சாரங்கா’ இறங்கியது இந்தப் பழைய முறையில்.

அதனால்தான் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இன்ன உயரம் வரைக்கும் இறங்கலாம். அதற்குள் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஓர் அடிகூடக் கீழே போகக் கூடாது. விசையைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிவிட வேண்டும். சுற்றி வந்து மறுபடி முயலலாம், அல்லது வேறு ஊருக்குப் போகலாம். பெரியவர் சொன்னதுதான் சட்டம்.

விசாரணையின் முடிவு இரண்டு வரியில் அடங்கிவிடுகிறது. ஓடுபாதை கண்ணில் படாமலே, குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே விமானம் இறங்கியது. இறங்கி, ஓடுபாதைக்கு முன்பாகவே உயர் அழுத்த மின்சாரக் கம்பிகளில் மோதி, விழுந்து தீப்பற்றியது.

படிக்கிறவர்களுக்கு உடனே கோபம் வரும். “விதி இருக்கிறதே, ஏன் மீறினார்கள்?” என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அந்த விதி எவ்வளவு கடினமான விதி என்று புரிகிறது. சென்னையிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்தாயிற்று. ஊர் கீழே இருக்கிறது. முள் சரியாகக் காட்டுகிறது. புழுதி ஒரே சீராக இருப்பதில்லை. திட்டுத் திட்டாக விலகும், மூடும். ஏதோ ஒரு வெளிச்சம் தெரிந்த மாதிரி இருக்கும். இன்னும் ஐம்பதடி இறங்கினால் நிச்சயமாகத் தெரிந்துவிடும் என்று தோன்றும். உலகத்தில் எத்தனையோ விமானிகள் அந்த ஐம்பதடியை இறங்கி, விளக்கைக் கண்டு, பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்த விசாரணையும் நடப்பதில்லை. அதனால்தான் ஆபத்து. அமைதியான அறையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்த உயரத்தை நிர்ணயித்தவர்கள், புயலுக்கு நடுவில் இருப்பவனுடைய மனம் எப்படி வாதாடும் என்று தெரிந்துதான் நிர்ணயித்தார்கள்.

பாலத்துக்கு இது முதல் துக்கமும் அல்ல. ஓராண்டுகூட ஆகவில்லை, 1972 ஜூன் 14-ந் தேதி ஜப்பான் ஏர்லைன்ஸின் பெரிய ஜெட் விமானம் ஒன்று பாலத்தில் இறங்கப் போகும்போது பாதைக்கு வெகு முன்னாலேயே விழுந்து எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விமானிகள்மீது இந்திய விசாரணை குறை சொல்லிற்று. விமான நிலையத்திலிருந்து வந்த ரேடியோ சமிக்ஞைமீது ஜப்பானியர் குறை சொன்னார்கள். அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்க வேண்டியதில்லை.

குமாரமங்கலத்தைப் பற்றி உலகம் நிறையச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கொங்கு நாட்டார் அவரைச் சொல்லும் முறை வேறு. திருச்செங்கோட்டுக்கு அருகே குமாரமங்கலம் என்று ஓர் ஊர். அதன் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. அவருடைய மனைவி ராதாபாய் மங்களூர்ப் பக்கத்து அம்மாள். வட்டமேஜை மகாநாட்டுக்குப் போனவர். இந்தத் தம்பதியின் பிள்ளைகளில் ஒருவர் ராணுவத்தில் சேர்ந்து இந்தியாவின் தரைப்படைத் தலைவரானார். மோகன் 1916-ல் லண்டனில் பிறந்து, ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, பாரிஸ்டராகி, கம்யூனிஸ்டாகத் திரும்பி வந்தார். தங்கை பார்வதி ஆக்ஸ்போர்டில் படித்து, அவரும் கம்யூனிஸ்டாகவே திரும்பினார். ஜமீன் வீட்டுப் பிள்ளைகள் ஜமீனை ஒழிக்கும் கட்சியில்! 1947-ல் தகப்பனார் சென்னையில் உள்துறை மந்திரியானபோது, போலீசார் கண்வைத்திருந்த கட்சியில் சொந்த மக்களே இருந்தார்கள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

பிற்காலத்தில் அண்ணன் காங்கிரஸுக்குப் போனார், தங்கை போகவில்லை. அண்ணன் 1971-ல் புதுச்சேரியிலிருந்து லோக்சபைக்கு வந்து மந்திரியானார். நிலக்கரிச் சுரங்கங்களைத் தேசத்தின் உடைமையாக்கியது அவர் செய்த பெரிய காரியம். அந்தச் சட்டத்தின்மேல் போட்டிருக்கும் தேதி 1973 மே 30. மறுநாள் இரவு அவர் இல்லை. சேலம் உருக்காலை எழும்ப அவர் பாடுபட்டார். அதில் உற்பத்தி ஆரம்பமான 1981-ஐ அவர் பார்க்கவில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. எழுதக் கை கூசுகிறது; ஆனால் மறைக்கவும் முடியாது. மந்திரியாவதற்கு முன்னால் அவர் இந்தியன் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்தவர். கருகிப்போன உடல்களுக்கிடையே அவரை இன்னார் என்று தெரிந்துகொள்ள உதவியவை அவருடைய பார்க்கர் பேனாவும் காது கேட்க வைத்துக்கொள்ளும் கருவியும்.

இப்போது பெரியவருடைய ஆளுக்கு வருவோம்.

பாலதண்டாயுதத்தைத் தோழர்கள் ‘பாலன்’ என்பார்கள். 1918-ல் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே சுதந்தரப் போராட்டத்தில் குதித்தவர். ஈட்டனும் கேம்பிரிட்ஜும் அவருக்கு இல்லை. அவருடைய மேல்படிப்பெல்லாம் சிறைச்சாலையில். கம்யூனிஸ்டுகளைச் சர்க்கார் வேட்டையாடிய காலத்தில் சதி வழக்கில் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். நல்ல வயதெல்லாம் கம்பிகளுக்குப் பின்னால் போயிற்று. வெளியே வந்தவர் ‘ஆயுள் தண்டனை அனுபவங்கள்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். ஜீவாவின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். மேடையில் அவர் பேச்சைக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிச் சொல்லும்போது குரல் மாறுகிறது.

கோயம்புத்தூர் அவரைத் தேர்ந்தெடுத்தது தற்செயலானதல்ல. நாம் பஸ்ஸுக்காக நின்றோமே, அந்தச் சின்னியம்பாளையத்தின் பெயரே ஒரு சரித்திரம். ரங்கவிலாஸ் மில் தொழிலாளிகள் நான்கு பேர் 1946 ஜனவரி 8-ந் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த நால்வரின் நினைவு இந்த ஊரில் இருக்கிறது. மில் சங்கு ஊதுகிற ஊரில், சிவப்புக் கொடிக்கு அப்படி ஒரு வேர் இருந்தது. 1971 தேர்தலில் இந்திரா காங்கிரஸ், தி.மு.க., இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி மூன்றும் ஓரணியில் நின்றன. பாலன் கோயம்புத்தூரில் வென்று டில்லிக்குப் போனார். ஆயுள் தண்டனைக் கைதி பார்லிமெண்டின் படியேறிப் போன காட்சியை நினைத்தால் மனம் நிறைகிறது. இரண்டு வருஷத்துக்குச் சற்று மேலே அந்த ஆசனத்தில் இருந்தார்.

ஆக, அன்றிரவு ஒரே விமானத்தில் இருவரும் போனார்கள். ஒரு காலத்தில் ஒரே கட்சியில் ஒரே கொடியின்கீழ் சிறைப்பட்டவர்கள். ஒருவர் இப்போது சர்க்காரின் மந்திரி. மற்றவர் பழைய கட்சியிலேயே இருப்பவர். நாவல் எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் கை அரிக்கும். இருவரையும் அடுத்தடுத்த ஆசனங்களில் உட்கார வைத்து, ஜன்னலுக்கு வெளியே மின்னலைக் காட்டி, மூன்று அத்தியாயம் எழுதிவிடலாம். எழுதமாட்டேன். அவர்கள் பேசினார்களா, தூங்கினார்களா என்று யாருக்குத் தெரியும்? இறந்தவர்களின் வாயில் நம் வசனத்தைப் போடுவது எனக்கு உவப்பில்லை.

இருவருக்கும் நினைவுச் சின்னம் இருக்கிறது. சேலத்தில் அரசினர் மருத்துவக் கல்லூரிக்கு மோகன் குமாரமங்கலத்தின் பெயர். சென்னைத் தியாகராயநகரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமை நிலையத்துக்குப் ‘பாலன் இல்லம்’ என்று பெயர். அந்த வழியாகப் போகிறவர்களில் பலர் யாரோ ஒரு குழந்தையின் பெயரில் நடக்கும் அநாதை விடுதி என்று நினைத்தாலும் ஆச்சரியமில்லை.

ஒருவரை நினைவில் வைத்து மற்றவரை மறப்பதைப் பற்றி எண்ணியபோது, அந்த விபத்துக்கும் இருபத்திரண்டரை ஆண்டுகள் முன்னால் நம் பக்கத்திலேயே நடந்த ஒரு விபத்து ஞாபகத்துக்கு வந்தது. கொஞ்சம் சுற்றுவழிதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1950 டிசம்பர் 13. ஏர் இந்தியாவின் டக்கோட்டா விமானம் ஒன்று பம்பாயிலிருந்து கோயம்புத்தூரை நோக்கி வந்தது. கோயம்புத்தூருக்கு வடமேற்கே நீலகிரி ஒரு சுவர் மாதிரி நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். வழி பிசகிவிட்டால் விமானிக்கு அது எமன். கோத்தகிரிப் பக்கம், ரங்கசாமி மலையை ஒட்டித் தூண் போல் நிற்கும் பாறைக்கு அருகே அந்த விமானம் மோதியது. 21 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. திசைக் கணக்கில் நேர்ந்த பிழை என்று தீர்ந்தது.

அதில் வந்த ஒரு பிரயாணி ஆப்ரகாம் வால்ட். ஹங்கேரியில் பிறந்த யூதர். ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர். இந்திய சர்க்காரின் அழைப்பின்பேரில் பிரசங்கம் செய்ய வந்திருந்தார். மனைவியும் கூட இருந்தார். யுத்த காலத்தில் அவரிடம் ஒரு கேள்வி வந்தது. குண்டு போடப் போகும் விமானங்கள் உடம்பெல்லாம் ஓட்டையோடு திரும்பி வருகின்றன. எந்த இடத்தில் கூடுதலாகக் கவசத் தகடு போடலாம்? ஓட்டை அதிகம் உள்ள இடத்தில் என்றுதான் நாமெல்லாம் சொல்வோம். வால்டின் கணக்கு வேறு வழியில் போயிற்று. திரும்பி வந்த விமானங்களைத்தானே நாம் பார்க்கிறோம்? அந்த இடங்களில் அடிபட்டும் அவை வந்து சேர்ந்துவிட்டன. ஓட்டை தெரியாத இடத்தில், அதாவது எஞ்சினில், அடிபட்டவை வந்து சேரவேயில்லை. வராத விமானங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கவசம் அங்கேதான் வேண்டும்.

அந்த மனிதர் நீலகிரியில் திரும்பி வராத விமானத்தில் போனார். கோத்தகிரிக்கு உல்லாசமாகப் போய் ரங்கசாமி மலையை வேடிக்கை பார்க்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே மிகப் பிந்தித்தான் தெரிந்தது.

சரித்திரம் எழுதுகிறவர்களும் திரும்பி வந்த விமானங்களையே எண்ணிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்கு அடிக்கடி சந்தேகம். பெயர் நின்றவர்களைப் பார்த்து, இவர்கள்தான் இருந்தார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அன்றிரவு டில்லியில் இறந்த 48 பேரில் நான் ஐந்து பேரைச் சொன்னேன். பாக்கி 43 பேர் இருக்கிறார்கள். விமானத்தில் பணி செய்த ஐந்து பேர் அவர்களில் அடக்கம்.

விபத்துக்குப் பின் கோயம்புத்தூர்த் தொகுதி காலியாயிற்று. காலியான தொகுதிக்கு இடைத்தேர்தல் வைத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் அப்போது அரசியல் கொதித்துக்கொண்டிருந்த நேரம். எம்.ஜி.ஆர். புதுக் கட்சி ஆரம்பித்து ஒரு வருஷம் நிறையவில்லை. விபத்துக்குப் பதினோரு நாள் முன்னால்தான் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அந்தக் கட்சி ஜெயித்து எல்லோரையும் திகைக்க வைத்திருந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி எம்.ஜி.ஆரோடு சேர்ந்து நின்றது. கோயம்புத்தூரில் 1974-ல் தேர்தல் வந்தபோது அந்தக் கட்சி நிறுத்திய வேட்பாளர் பார்வதி கிருஷ்ணன்.

மோகன் குமாரமங்கலத்தின் தங்கை.

அவர் கோயம்புத்தூருக்கு அந்நியரல்லர். தோட்டத் தொழிலாளர், மில் தொழிலாளர் சங்கங்களில் உழைத்தவர். 1957-லேயே இதே தொகுதியில் வென்று லோக்சபைக்குப் போனவர். அண்ணன் பெயரால் வந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது; அண்ணனுக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே லோக்சபையில் அமர்ந்தவர் அவர். ஆனாலும் அந்தப் பிரசாரத்தை நினைத்துப் பாருங்கள். ஊர் ஊராகப் போய், “உங்கள் மெம்பர் இறந்துவிட்டார், அவர் இடத்துக்கு எனக்கு ஓட்டுப் போடுங்கள்” என்று கேட்க வேண்டும். அந்த மெம்பர் எப்படி இறந்தார் என்பது கேட்கிற எல்லோருக்கும் தெரியும். கேட்கிற அம்மாளின் அண்ணனும் அதே புழுதியில், அதே கம்பியில், அதே தீயில் போனார் என்பதும் தெரியும். ஒரு தொகுதி துக்கத்தில் இருக்கும்போது, அதே இரவின் துக்கத்தைத் தன் வீட்டிலும் வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டவர் இந்தியாவில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. கோயம்புத்தூர் அவரை ஜெயிக்க வைத்தது. 1977-லும் ஜெயிக்க வைத்தது. டில்லிக்கும் கோயம்புத்தூருக்குமாக அந்த அம்மாள் எத்தனை முறை விமானத்தில் போய் வந்திருப்பார் என்று கணக்கு வைத்தவர் யாரும் இல்லை. பாலத்து ஓடுபாதையை நோக்கி ஒவ்வொரு தடவையும் அவர் இறங்கத்தானே வேண்டியிருந்திருக்கும்? 2014 பிப்ரவரியில், தொண்ணூற்று நான்காம் வயதில், கோயம்புத்தூரிலேயே காலமானார்.

பெரியவரிடம் இதைப் பற்றியும் கேட்டிருந்தேன். “எழுபத்து நாலில் ஓட்டுப் போட்டீர்களா?” என்று.

“போடாமங்களா? மொத ஷிப்டு முடிச்சு, சோத்துப் போசியோட நேராப் பள்ளிக்கூடத்துக்குத்தானுங்க போனேன். வரிசை ரோடு வரைக்கும் நின்னுதுங்க.”

“யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கலாமா?”

அவர் சிரித்தார். அதற்குள் சோமனூர் பஸ் வந்துவிட்டது. மஞ்சள் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஏறினவர், படியில் நின்றபடி திரும்பி, “அவரு பேரை எழுதறப்ப முழுசா எழுதுங்க” என்றார். பஸ் நகர்ந்துவிட்டது.